எம் டாட்டை மூடிய கதை: கொலு பொம்மைக் கடையின் இரண்டு இணையதளங்களை ஒன்றாக்கியபோது

ஆடி முடியப்போகிற நேரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று சாய்ந்தபோது போன் வந்தது. மயிலாப்பூரில் வடக்கு மாட வீதிப் பக்கம் கொலு பொம்மைக் கடை வைத்திருக்கும் அம்மா. இரண்டு வருடமாக அவர்கள் இணையதளத்துக்கு ஹோஸ்டிங் பணம் கட்டுவது, படம் ஏற்றுவது மாதிரி எடுபிடி வேலைகளை நான் பார்த்து வருகிறேன். தளத்தைக் கட்டியது வேறு யாரோ.

"தம்பி, ஒரே பொம்மைக்கு ரெண்டு விலை போட்டிருக்கோமாம். நியூஜெர்சியிலேர்ந்து ஒரு பொண்ணு கூப்பிட்டு நியாயம் கேக்குறா. கொஞ்சம் வந்து பாரேன்."

அந்தப் பெண் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் போனில் பார்த்தபோது பன்னிரண்டு அங்குல தசாவதார செட் 4,200 ரூபாய். நங்கநல்லூரில் இருக்கும் மாமியாரிடம் சொல்ல, அவர் வீட்டுக் கணினியில் கடைப் பெயரைத் தேடித் திறந்தால் 4,850. மாமியார் மருமகள் இரண்டு பேரும் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் சந்தேகப்பட்டு, கடைசியில் இருவரும் சேர்ந்து கடையைச் சந்தேகப்பட்டுவிட்டார்கள்.

காரணம் ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. கடைக்கு ஒரு தளம் இல்லை, இரண்டு. மூன்று டபிள்யூ (www) வைத்த முகவரியில் கணினிக்கான தளம், அதே பெயருக்கு முன்னால் எம் டாட் (m.) போட்ட முகவரியில் போனுக்கான தளம். 2013இல் கட்டியது. இரண்டுக்கும் டெம்ப்ளேட் வேறு, பக்க முகவரிகள் வேறு, டேட்டாபேஸில் விலைப் பட்டியல்கூட வேறு. ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் ஓடி கணினித் தளத்தின் விலைகளை மொபைல் பட்டியலுக்கு நகலெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஸ்கிரிப்ட், தளம் ஓடும் பிஹெச்பி மொழியின் 7ஆம் பதிப்பு வந்தபோது தூக்கி எறியப்பட்ட, டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களில் எழுதப்பட்டிருந்தது. ஹோஸ்டிங்காரர்கள் பதிப்பை உயர்த்திய அன்றைக்கே அது செத்திருக்கிறது. புதுப் பதிப்புக்காகத் தளத்தின் பக்கங்களைத் திருத்தியவர் இந்த ஸ்கிரிப்டைத் தொடவில்லை. அதற்கப்புறம் கடையில் பில் போடும் பெண்தான் இரண்டு அட்மின் பக்கங்களிலும் கையாலேயே விலை மாற்றிக்கொண்டிருந்தாள், ஞாபகம் இருந்த நாட்களில்.

ஸ்கிரிப்டைச் சரிசெய்துவிட்டு வந்திருக்கலாம், அரை நாள் வேலை. ஆனால் நான் தோண்டத் தோண்ட வேறு விஷயங்களும் வந்தன, நவராத்திரிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் "மொத்தமா ஒரே தளமா மாத்திடலாம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா உடனே ஒரு கட்டைப்பையை எடுத்துக் காட்டினார். சிவப்பு எழுத்தில் கடைப் பெயர், அதன் கீழே எம் டாட் முகவரி. "இதுல போட்டிருக்கே, அது வேலை செய்யும்ல?" செய்யும் என்று தலையாட்டினேன். பை எத்தனை கட்டு மிச்சம் இருக்கிறது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

முதல் வாரம் வேலை செய்யவில்லை, வெறும் வேவு பார்த்தேன். பழைய தளத்தைக் கட்டியவரைத் திட்டுவது சுலபம், நானும் முதல் இரண்டு நாள் திட்டினேன். ஆனால் 2013இல் அவர் செய்தது முட்டாள்தனம் இல்லை. வெப் டிசைனர் ஈத்தன் மார்கோட் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் என்ற பெயரை வைத்து எழுதியது 2010 மே மாதம்: விகிதத்தில் நீளும் கட்டம், கூடவே சுருங்கும் படம், திரை அகலத்தைக் கேட்டு நடந்துகொள்ளும் மீடியா குவெரி, மூன்றும் சேர்ந்தால் ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் பொருந்தும் என்பதுதான் விஷயம். மீடியா குவெரி, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முழுப் பரிந்துரை ஆனது 2012 ஜூனில். அப்போது இங்கே இன்னும் பல பேர் கணினியில் மீடியா குவெரியே தெரியாத இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 இருந்தது, போனில் டேட்டாவைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்த காலம், 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு மூன்று வருடம் முன்னால். போனுக்கென்று ஒல்லியாக ஒரு தளம் என்பது அன்றைக்கு நியாயமான முடிவு. அப்புறம் அதை அப்படியே விட்டுவிட்டார்கள் என்பதுதான் குறை.

வந்தவரைப் போனா கணினியா என்று அந்த ஏற்பாடு எப்படிக் கண்டுபிடித்தது என்பது தனி நகைச்சுவை. பிரவுசர் ஒவ்வொரு தடவையும் தன் யூசர் ஏஜென்ட் என்று ஒரு நீள வரியை அனுப்பும். அதில் ஆண்ட்ராய்டு, ஐபோன், ஐபேட், பிளாக்பெர்ரி, சிம்பியன் (பழைய நோக்கியா போன்களில் இருந்தது) என்று ஏதாவது சொல் இருந்தால் எம் டாட்டுக்குத் தள்ளு என்று சர்வர் கோப்பில் ஒரு வரி. ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் ஆண்ட்ராய்டு என்றுதான் சொல்லும், மொபைல் என்ற சொல்தான் அதில் இருக்காது. இந்த வரி அதைப் பார்க்கவில்லை, அதனால் பத்து அங்குல டேப்லெட்டுக்கு நான்கு அங்குல போனுக்கான பக்கம் போனது. ஐபேடில் நேர்மாறு. 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்ததிலிருந்து அதன் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்கிறது, ஆகவே ஐபேடுக்குக் கணினித் தளம். சிம்பியன் போன் யாராவது வைத்திருந்தால் அவர்களுக்கு மட்டும் எல்லாம் சரியாக நடந்திருக்கும்.

இன்னும் மோசம், தள்ளிவிடும்போது எந்தப் பக்கத்தைத் தேடி வந்தாலும் எம் டாட்டின் முதல் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. கூகுளில் "மரப்பாச்சி ஜோடி" என்று தேடி, கணினித் தளத்தின் பக்கத்தைப் போனில் தொட்டால், வாசலில் நிற்க வேண்டியதுதான். இப்படி வேறு முகவரிக்குத் தள்ளிவிடுவதற்கு ரீடைரக்ட் என்று பெயர், இது தவறான ரீடைரக்ட் என்று கூகுள் 2013லேயே எச்சரித்த விஷயம். எதிர்ப் பக்கம் ரீடைரக்டே இல்லை. போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய எம் டாட் லிங்கைக் கணினியில் திறந்தால் நடுவில் ஒரு குச்சி மாதிரிப் பக்கம், இரண்டு பக்கமும் வெள்ளை மைதானம். விக்கிப்பீடியாவின் மொபைல் லிங்கைக் கணினியில் திறந்து எரிச்சல்பட்டவர்களுக்கு இந்த உணர்ச்சி தெரியும், அங்கேயே பல வருடம் அப்படித்தான் இருந்தது.

தேடலில் கடை ஏன் இறங்கிக்கொண்டே போனது என்பதற்கும் இங்கேதான் பதில் கிடைத்தது. 2015 ஏப்ரல் 21இல் மொபைலுக்கு ஏற்ற பக்கங்களுக்குக் கூகுள் முன்னுரிமை கொடுக்கத் தொடங்கியபோது எம் டாட் இவர்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் 2018இலிருந்து படிப்படியாகப் போன் வடிவத்தைப் படித்துத்தான் பட்டியலிடுவது என்று வந்துவிட்டது. இவர்களுடைய போன் வடிவத்தில் பொம்மையின் பெயர், உயரம், விலை, அவ்வளவுதான். களிமண்ணா காகிதக்கூழா, பண்ருட்டியிலிருந்து வந்ததா காஞ்சிபுரத்திலிருந்தா, எந்தப் படியில் வைப்பது என்றெல்லாம் அம்மா ஆசை ஆசையாய் எழுதிவைத்தது முழுக்கக் கணினித் தளத்தில். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று சொல்லும் ஆல்டர்நேட், கேனானிக்கல் குறிப்புகள் எந்தப் பக்கத்திலும் இல்லை. தேட வந்த கூகுளின் ரோபோ நிரல் மொபைல் பக்கத்தைப் படித்து, இந்தக் கடையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று போய்விட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

கணினித் தளத்தின் டெம்ப்ளேட்டை எடுத்துச் சரிசெய்வதா, புதிதாக எழுதுவதா? ஒரு சோதனைக்காகப் பழையதில், பக்க அகலத்தைத் திரை அகலத்துக்கு வைக்கச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியை மட்டும் சேர்த்துப் பார்த்தேன். அந்த வரி இல்லாத பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டுவது சஃபாரியின் வழக்கம், மற்றவர்களும் ஏறக்குறைய அப்படியே. வரியைச் சேர்த்ததும் போன் தன் உண்மையான அகலத்தை, என் போனில் 360 பிக்சலை, ஒப்புக்கொண்டது. பக்கமோ 960 பிக்சலில் அசையாமல் நின்றது. வலது பக்கம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரைக்கு வெளியே. ராமர் பட்டாபிஷேக செட்டில் ராமர் மட்டும் தெரிந்தார், பட்டாபிஷேகம் தெரியவில்லை. புதிதாக எழுதுவது என்று முடிவாயிற்று.

புதியதைச் சின்னத் திரையிலிருந்து தொடங்கினேன். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் குறிப்புகளில் அடிப்படை முழுக்கப் போனுக்கு, இடம் கூடக் கூட மீடியா குவெரி போட்டுப் பக்கவாட்டில் விரிப்பது. எந்த மாடல் போனுக்கு எத்தனை பிக்சல் என்ற அட்டவணையெல்லாம் பார்க்கவில்லை. பிரவுசர் ஜன்னலை இழுத்துக்கொண்டே போய், எங்கே பார்க்க அசிங்கமாகிறதோ அங்கே ஒரு முறிவு, அதாவது அமைப்பு மாறும் இடம். மொத்தம் இரண்டே முறிவுகள் தேவைப்பட்டன.

முதல் வடிவத்தைத் திருமயிலை ஸ்டேஷனிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது சோதித்தேன். ஆபீஸ் வைஃபையில் எல்லாத் தளமும் வேகம்தான், ரயிலில் சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில் திறந்தால்தான் சாயம் வெளுக்கும். கோட்டூர்புரம் தாண்டியும் என் அழகான புதுத் தளத்தில் படங்கள் பட்டை பட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. வயிற்றெரிச்சலில் பழைய எம் டாட்டைத் திறந்தேன். அது பொட்டென்று வந்து நின்றது. கணக்குப் பார்த்தால் பழைய மொபைல் முதல் பக்கம் 210 கேபி, என்னுடையது 3.4 எம்பி. ஒன்றாக்குகிறேன் என்று கிளம்பியவன் போன் வைத்திருப்பவர்களுக்குப் பதினாறு மடங்கு பாரத்தை ஏற்றியிருந்தேன்.

ரெஸ்பான்சிவ் என்றால் எல்லாம் தானாக ஒழுங்காகிவிடும் என்ற நினைப்பு இங்கேதான் அடி வாங்குகிறது. கணினிக்கான பெரிய பேனரையும் பக்கவாட்டுப் பட்டியையும் போனில் டிஸ்பிளே நன் போட்டு ஒளித்திருந்தேன். கண்ணுக்குத்தான் ஒளிந்தது, அதற்குள் இருந்த படங்களைப் பிரவுசர் சமர்த்தாக இறக்கிக்கொண்டுதான் இருந்தது. தனித் தளம் கட்டியவருக்கு இந்த வசதி கிடையாது. போனுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று உட்கார்ந்து முடிவெடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. எனக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பாதியை ஒளித்தேன். அன்றைக்கு ராத்திரி அவருடைய மொபைல் தளத்தை மறுபடியும் முழுக்கப் பார்த்தேன், இந்தத் தடவை திட்டாமல். அவர் எதையெல்லாம் வெட்டியிருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதினேன். சுழலும் பேனர் இல்லை. "எங்களைப் பற்றி" கடைசியில் ஒரு வரி. மேலே முதல் வரியிலேயே தொட்டால் அழைக்கும் போன் எண். ஒரு பொம்மைக்கு ஒரு படம். அந்தத் தாள்தான் எனக்கு அடுத்த மூன்று வாரத்துக்கு வரைபடம்.

பேனரைக் கணினியிலிருந்தும் தூக்கினேன். போனில் தேவையில்லாதது கணினியிலும் எதற்கு? அம்மாவுக்கு வருத்தம்தான், அதில் அவர் கணவர் காலத்துக் கடைப் படம் ஒன்று இருந்தது. அதை எங்களைப் பற்றிப் பக்கத்தில் பெரிதாக வைத்ததும் சமாதானமானார்.

அடுத்தது படங்கள். ஒவ்வொன்றும் போன் கேமராவில் எடுத்த 4,000 பிக்சல் அகலப் படம். நான்கு அகலங்களில், எடை குறைந்த வெப்பி வடிவத்தில் நறுக்கி, இமேஜ் டேகில் அந்த நான்கையும் பட்டியலிடும் சோர்ஸ்செட் கொடுத்து, கீழே இருக்கும் படங்களுக்கு, அருகே வரும்போது மட்டும் இறக்கும் லேசி லோடிங் போட்டு, இப்போது சரியாகிவிட்டது என்று பார்த்தால் போன் இன்னமும் 1,080 பிக்சல் படத்தையே எடுத்துக்கொண்டிருந்தது. அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். படம் திரையில் எவ்வளவு அகலத்தில் நிற்கும் என்று சொல்லும் சைசஸ் என்ற பண்பைக் கொடுக்க மறந்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் படம் திரை அகலம் முழுக்க நிற்கப்போகிறது என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். 360 அகலத் திரை, ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்கு மூன்று புள்ளி அடர்த்தி, ஆக 1,080. உண்மையில் பட்டியலில் ஒரு வரிசைக்கு இரண்டு பொம்மை, ஒவ்வொன்றும் 170 பிக்சல்தான், 510 போதும். சைசஸில் அதைச் சொன்னவுடன் 540 படத்தை எடுத்தது. பாரம் அங்கேயே பாதிக்கு மேல் இறங்கியது. கடைசியில் முதல் பக்கம் 290 கேபியில் வந்து நின்றது. பழையதைவிட 80 கூடுதல்தான், ஆனால் படங்கள் நேற்று கழுவித் துடைத்த மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

தமிழ் எழுத்து கொடுத்த தொல்லை தனி. இங்கிலீஷில் மாதிரி எழுத்து போட்டு அழகு பார்த்துவிட்டு, கடைசியில் தமிழை ஊற்றினால் எல்லாம் பிதுங்கும், இது எனக்குப் பல வருடமாகத் தெரிந்தும் திருந்தவில்லை. பில் போடும் பெண் ஒரு பொம்மைக்கு "ஆண்டாள்ரங்கமன்னார்திருக்கல்யாணசெட்" என்று இடைவெளியே இல்லாமல் பெயர் ஏற்றியிருந்தாள். அந்த ஒரு சொல் இரண்டு பத்திக் கட்டத்தில் தன் பத்தியை அகட்டி, பக்கத்துப் பத்தியை நசுக்கி, மொத்தப் பக்கத்தையும் பக்கவாட்டில் ஆட வைத்தது. சிஎஸ்எஸ் கிரிட்டில் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகப் பிரித்தாலும், உள்ளே இருப்பதன் மிகச் சிறிய அகலத்துக்குக் கீழே பத்தி சுருங்காது. பத்தி அகலத்தின் எல்லைகளைச் சொல்லும் மினிமேக்ஸில் கீழ் எல்லையைப் பூஜ்யம் என்று கொடுத்து, ஓவர்ஃப்ளோ ராப்பை எனிவேர் என்று, அதாவது சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம் என்று வைத்ததும் வழிக்கு வந்தது. உடைந்த இடத்தில் ஒற்றுக்கு முன்னாலேயே வெட்டிவிட்டது, "ரங்கமன்னா" ஒரு வரி, "ர்திரு" அடுத்த வரி. அதைப் பார்க்கச் சகிக்காமல், பெயர்களில் இடைவெளி விட்டு எழுதச் சொல்லி அந்தப் பெண்ணிடம் நூறு பெயரைத் திருத்தவைத்தேன். சிஎஸ்எஸ்ஸால் ஆகாத சில வேலைகள் ஸ்பேஸ் பாரால் ஆகும்.

வரி உயரம் இன்னொன்று. 1.2 வைத்திருந்த தலைப்புகளில் மேலே ஈகாரச் சுழியும் கீழே கூ, மூ எழுத்துகளின் வாலும் வெட்டுப்பட்டன. 1.6க்கு ஏற்றினேன். "கூடையில் சேர்க்கவும்" என்ற பொத்தான் மூன்று வரியானது, "வாங்கு" என்று மாற்றினேன். கடையில் யாரும் கூடையில் சேர்க்கவும் என்று பேசுவதில்லை.

விலை அட்டவணைதான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். ஒரே செட் ஆறு உயரங்களில் வரும். கணினியில் உயரம், பொருள், எடை, விலை, இருப்பு என்று ஐந்து பத்தி, நிம்மதியாக இருக்கும். 360 பிக்சலில் ஐந்து பத்திக்கு வழியே இல்லை. எல்லோரும் செய்வதுபோல ஒவ்வொரு வரிசையையும் ஒரு கார்டாக மாற்றி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். பார்க்க நன்றாக இருந்தது. அம்மாவிடம் போனைக் கொடுத்து, "எட்டு அங்குலத்துக்கும் பன்னிரண்டு அங்குலத்துக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க" என்றேன். மேலே போனார், கீழே போனார், மறுபடி மேலே போனார். "படிக்கு அளவு பாக்கறவங்க இப்படியா ஏறி ஏறி எறங்குவாங்க? ஒரு பார்வையில தெரியணும் தம்பி." சரிதானே. கொலுப்படியின் உயரம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, அதற்குள் எது அடங்கும், எவ்வளவு விலை என்று ஒப்பிடத்தானே அந்த அட்டவணை. கார்டாக்கியதும் ஒப்பிடும் வேலையையே கொன்றுவிட்டேன்.

அட்டவணையை அட்டவணையாகவே விட்டு, பக்கவாட்டில் நகர்த்தும்படி வைத்து, முதல் பத்தி மட்டும் ஒட்டி நிற்கும்படி செய்தேன். அதிலும் விலை திரைக்கு வெளியே ஒளிந்திருந்தது, நகர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் தாளைப் பார்த்தேன். பழைய எம் டாட்காரர் உயரம், விலை, இரண்டே பத்திதான் வைத்திருந்தார். பதினோரு வருடம் கழித்து அவர் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தேன். உயரமும் விலையும் எப்போதும் தெரியும், வரிசையைத் தொட்டால் எடையும் பொருளும் இருப்பும் விரியும், அகலத் திரையில் ஐந்தும் பத்தியாக நிற்கும். ஹெச்டிஎம்எல்லில் ஐந்தும் இருப்பதால் தேட வரும் ரோபோவுக்கும் கிடைக்கும். அவர் செய்ய முடியாமல் போன ஒரே விஷயம் அதுதான்.

சின்னச் சின்னது நிறைய, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பின்கோடு கட்டத்தில் எழுத்து 14 பிக்சலில் இருந்ததால் ஐபோனில் தொட்டவுடன் பக்கமே பெரிதாகி முட்டிக்கொண்டு வந்தது, 16க்கு ஏற்றியதும் நின்றது. சிலர் இதற்காக வியூபோர்ட் வரியில் பெரிதாக்குவதையே தடைசெய்வார்கள், அது கண் மங்கிய வாடிக்கையாளர்களுக்குச் செய்யும் துரோகம். கீழே மிதந்த வாட்ஸ்அப் பொத்தான் சரியாகப் பணம் கட்டும் பொத்தானின் மேலேயே உட்கார்ந்திருந்தது. மெனுவை மூன்று கோட்டுக்குள் ஒளிக்காமல் நான்கு சொற்களாக வெளியிலேயே வைத்தேன்.

நவராத்திரிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மாற்றினேன். பழைய இரண்டு தளங்களின் 214 பொம்மைப் பக்கங்களுக்கும் எந்த முகவரி எந்தப் புது முகவரிக்குப் போகும் என்று ஒரு பட்டியல். எம் டாட்டில் வெறும் எண்தான், 37 என்றால் தசாவதாரம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி, எம் டாட்டிலிருந்து மூன்று டபிள்யூவுக்கு 301 ரீடைரக்ட். என் போனில் சோதித்தேன், கடைப் பையன் போனிலும் சோதித்தேன், அருமை. இரவு பத்தரைக்கு வீட்டுக்குப் போனேன்.

காலை ஏழு மணிக்கு அம்மா. "தம்பி, என் போன்ல கடையே தெறக்கல. ஏதோ ரொம்ப ரீடைரக்ட்னு இங்கிலீஷ்ல திட்டுது." எட்டு மணிக்குள் இன்னும் நான்கு வாடிக்கையாளர்களிடமிருந்து அதே படம் வாட்ஸ்அப்பில் வந்தது. என் போனில் மட்டும் தேன்போல ஓடுகிறது.

பல்லைத் துலக்கிக்கொண்டே யோசித்தபோதுதான் உறைத்தது. மூன்று டபிள்யூவிலிருந்து எம் டாட்டுக்கு அந்தக் காலத்து ஏற்பாடு தள்ளிவிட்டதும் 301தான். 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று அர்த்தம், பிரவுசர் அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த தடவை சர்வரைக் கேட்காமலே எம் டாட்டுக்குப் போகும். இப்போது எம் டாட் அவர்களை மூன்று டபிள்யூவுக்கு அனுப்புகிறது, பிரவுசர் ஞாபகத்திலிருந்து திருப்பி எம் டாட்டுக்கு ஓடுகிறது, அது மறுபடி இங்கே, இது மறுபடி அங்கே. அடிக்கடி வரும் விசுவாசமான வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கடை மூடியிருந்தது, புதிதாக வருபவர்களுக்குத் திறந்திருந்தது. என் போனில் நான் வாரக்கணக்கில் கேஷை, அதாவது பிரவுசரின் ஞாபகத்தை, துடைத்துத் துடைத்துச் சோதித்ததால் எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு 302, அதாவது தற்காலிக ரீடைரக்ட், போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. தாளில் எழுதிப் பாராட்டிய அதே மனிதரை அந்தக் காலையில் மறுபடியும் திட்டினேன்.

எல்லோர் போனிலும் போய் கேஷைத் துடைக்க முடியாது. வழி ஒன்றுதான் தோன்றியது, யார் ஞாபகத்திலும் இல்லாத முகவரிக்குக் கடையை மாற்றுவது. மூன்று டபிள்யூவையே கைவிட்டேன். முன்னால் எதுவும் இல்லாத வெறும் பெயர்தான் இனித் தளத்தின் முகவரி, எம் டாட்டும் மூன்று டபிள்யூவும் இரண்டுமே அங்கே அனுப்பும். பழைய ஞாபகம் வைத்திருக்கும் போன் மூன்று டபிள்யூவிலிருந்து எம் டாட்டுக்கு ஓடட்டும், அங்கிருந்து வெறும் பெயருக்கு வந்துவிடும், சுற்று அறுந்தது. இந்தத் தடவை முதல் ஒரு வாரத்துக்கு 302. கை சுட்டுக்கொண்டவன் அடுப்பை எட்ட நின்றுதான் ஊதுவான். ஒன்பதே முக்காலுக்கு அம்மா போனில் கடை திறந்தது, மேலேயே அவர் கடை எண், தொட்டுப் பார்த்தார், பக்கத்து மேஜையில் இருந்த போன் அடித்தது, எடுத்து "ஹலோ" என்று தனக்குத்தானே சொன்னார்.

நவராத்திரி நன்றாகவே போனது. இரண்டு விலைப் புகார் வரவில்லை, வர வழியும் இல்லை, ஒரே பட்டியல்தான். நியூஜெர்சிப் பெண் தசாவதாரத்தை 4,200க்கே வாங்கினாள், பார்த்த விலைக்குக் கொடுப்பதுதான் முறை என்று அம்மா சொல்லிவிட்டார். பாக்கி 650ஐ என் கூலியில் கழிப்பாரோ என்று ஒரு நிமிடம் பயந்தேன்.

விஜயதசமிக்கு அப்புறம் கணக்கு முடிக்கப் போனபோது, எம் டாட்டை எப்போது மொத்தமாக எடுத்துவிடலாம் என்று கேட்டேன். அம்மா பரணைக் காட்டினார். கட்டைப்பை பதினோரு கட்டு, கட்டுக்கு இருநூறு. "இது தீரட்டும் தம்பி, அடுத்ததுல புது முகவரி போட்டுக்கலாம்." வருடத்துக்கு எத்தனை பை போகும் என்று கேட்டேன். நவராத்திரியில் ஒரு முந்நூறு, மற்ற நாட்களில் சில்லறை. மனக்கணக்கு போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்து, அப்போது தொண்ணூறு நாளில் காலாவதியான லெட்ஸ் என்கிரிப்ட் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழில் எம் டாட் பெயரையும் சேர்த்து, புதுப்பிப்பைத் தானாக ஓடும்படி வைத்தேன். சான்றிதழ் காலாவதியானால் பையைப் பார்த்து வருபவருக்கு ரீடைரக்டுக்கு முன்னால் பாதுகாப்பு எச்சரிக்கைதான் வரும். அந்த ஸ்கிரிப்ட் தவறினால் எனக்கு மெயில் வருகிற மாதிரியும் செய்திருக்கிறேன், ராத்திரி ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று செத்துக் கிடந்தும் யாருக்கும் தெரியாமல் போனதில்தான் இந்தக் கதையே ஆரம்பித்தது.